அட்டவணையைக் கருவியிடம் விட்டுவிடலாமா?

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டப்பணிகளைப் பார்க்கும்போது ஒன்று என்னை உறுத்துகிறது. ஜாவாவில் கிளாஸ்களை அழகாக எழுதுகிறார்கள். தரவுத்தள அட்டவணைகளை மட்டும் ஹைபர்னேட் கருவியே உருவாக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

நூலகச் செயலியை எடுத்துக்கொள்வோம். ‘உறுப்பினர்’ என்ற கிளாஸிலிருந்து ‘மாணவர்’, ‘ஆசிரியர்’ என இரண்டு பிரிகின்றன. எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுமுறை மாதிரியில் இப்படிப்பட்ட மரபுரிமை கிடையாது. வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால், ஹைபர்னேட் எல்லாரையும் ஒரே அட்டவணையில் போட்டுவிடும். மாணவர் வரிசையில் ஆசிரியருக்குரிய கட்டங்கள் காலியாகக் கிடக்கும். அவற்றுக்கு ‘நாட் நல்’ கட்டுப்பாடு போட முடியாது. மாணவருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று என முற்றிலும் பிரித்தாலோ, இரவல் அட்டவணையின் ஒரே ஃபாரின் கீ இரண்டையும் சுட்டாது.

பொது விவரங்களுக்கு ஓர் அட்டவணை, ஒவ்வொரு வகைக்கும் தனி அட்டவணை: இதுவே என் தேர்வு. தேடும்போது ஒரு ஜாயின் கூடும், அவ்வளவுதான். சிறிய செயலிக்கு ஒரே அட்டவணை போதும் என்று வாதிடுவோரும் உண்டு. யோசித்து எடுத்த முடிவென்றால் எனக்கு மறுப்பில்லை.

தரவு நிரம்பிய பிறகு அட்டவணையை மாற்றுவது பெரும்பாடு. எனவே விரிவுரையாளர்கள் முதல் வாரத்திலேயே, கையால் வரைந்த அட்டவணை வரைபடத்தைக் கேட்டு வாங்கவேண்டும்.