கத்திரி வெயிலும் சூளைத் தொழிலாளரும்

மாசி மகத்தன்று விருத்தாசலத்திற்குச் சென்று, மணிமுத்தாற்றில் நீராடி, பழமலைநாதரைத் தரிசித்துத் திரும்புவோர் காணும் ஊர் ஒன்று. அக்கினி நட்சத்திரம் பிறந்தபின் அவ்வூரில் போய் இறங்குவோர் காணும் ஊர் வேறொன்று. காசியினும் வீசம் உயர்ந்தது என்று நம் முன்னோர் போற்றிய அவ்வாற்றங்கரையில் அப்போது பெரும்பாலும் நீரைக் காண்பதரிது, சுடுமணலைத்தான் காணலாம். கடற்கரையிலுள்ள கடலூருக்கு நண்பகலில் கடற்காற்று ஆறுதல் அளிக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் விருத்தாசலத்திற்கு அது தளர்ந்து, காலங்கடந்து வருகிறது. சில நாட்களில் வருவதேயில்லை. யாத்திரிகர் கோபுர நிழலில் ஒதுங்கலாம்; ஆழத்துப் பிள்ளையார் சந்நிதியின் குளிர்ச்சியில் சற்று நின்று செல்லலாம். ரயில் மாறுவதற்காக ஜங்ஷனில் இறங்கியவர் அடுத்த வண்டியேறித் தப்பலாம். தப்ப வழியில்லாத ஒரு கூட்டத்தார் அவ்வூரில் உளர். அவர்களைக் குறித்தே இன்று எழுதுகிறோம்.

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே செராமிக் தொழிற்பேட்டை உண்டு. அத்தொழிலையே கற்பிக்கும் சர்க்கார் கல்லூரியும் உண்டு. நெய்வேலிப் பக்கத்துக் களிமண் அத்தொழிலுக்கு ஓர் ஆதாரம். பொம்மை, அகல் விளக்கு, ஜாடி, கழிப்பறைப் பீங்கான், மின்சாரத்திற்குரிய பியூஸ் கட்டை ஆகிய பலவும் அங்குச் சிறு கூடங்களில் உருவாகின்றன. இப்பொருள்கள் உறுதிபெற வேண்டுமாயின் சூளையில் சுமார் 1,200 டிகிரி வரை வேக வேண்டும். வெளியே கத்திரி; உள்ளே சூளை. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று கூலி பெறுபவனே சூளைத் தொழிலாளி.

அவனுடைய கஷ்டம் சூளையோடு முடிவதன்று. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பாண்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் காற்றடித்தால் அது கோணும், அல்லது வெடிக்கும். ஆகையால் காயவைக்கும் கூடத்தில் காற்றை அடைக்கிறார்கள். மண்ணின் தூசியில் சிலிக்கா கலந்திருக்கிறது. அது நாளடைவில் நுரையீரலைக் கெடுத்து மூச்சைக் குறைக்கும். மின்விசிறி சுழன்றால் அத்தூசி பறக்கும்; முகமூடி அணிந்தாலோ வெப்பம் தாங்கவொண்ணாது. தூசியைத் தவிர்த்தால் புழுக்கம். புழுக்கத்தைத் தவிர்த்தால் தூசி. இந்தச் சங்கடத்தைத் தன் உடம்பைக் கொடுத்தே தொழிலாளி தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வெயில் எல்லோருக்கும் பொதுவானதுதானே, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்கலாம். சூரியன் பொதுவானவன் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நிழலும், நீரும், ஓய்வும் பொதுவாயில்லை. வெளிக்காற்றின் உஷ்ணம் நம் உடம்பின் 37 டிகிரியைத் தாண்டிவிட்டால், உடம்பு தன் வெப்பத்தைக் கழிக்க வியர்வை உலர்வது ஒன்றே வழி. காற்றில் ஈரம் மிகுந்தால் அவ்வழியும் அடைபடும். உள்ளுஷ்ணம் 40 டிகிரியை எட்டும்போது அறிவு தடுமாறும், பேச்சுக் குழறும், உடனே நீர் ஊற்றிக் குளிர்விக்காவிடில் உயிருக்கே அபாயம். வானிலை இலாகாவோ உஷ்ணமானியை நிழலில், காற்றோட்டமான கூண்டில் வைத்து அளக்கிறது. வேறெவ்வாறும் அளத்தல் கூடாது. ஆயினும் பத்திரிகைகளில் நாம் படிக்கும் 40 டிகிரி அக்கூண்டின் கணக்கேயன்றிச் சூளை வாயின் கணக்கன்று என்பதை நேயர்கள் மறக்கலாகாது.

இனிச் சட்டம் என்ன சொல்லிற்று என்று பார்ப்போம். சுதந்திரம் பெற்ற மறு வருஷமே, 1948-இல், இந்நாடு தொழிற்சாலைச் சட்டத்தை இயற்றியது. அளவு மீறிய வெப்பம் உண்டாகும் வேலைகளில் அவ்வெப்பத்தைத் தொழிலாளர் நிற்குமிடத்தினின்று பிரிக்கவும் மறைக்கவும் வேண்டும் என்று அது விதித்தது. நல்ல விதிதான். ஆனால் மின்சாரம் கொண்டு இயங்குமிடமாயின் 10 பேரும், அஃதில்லாத இடமாயின் 20 பேரும் இருந்தாலன்றி அந்த இடம் அச்சட்டத்தின்படி தொழிற்சாலையாகவில்லை. ஓய்வறை வேண்டுமா? 150 பேருக்கு மேல் இருக்க வேண்டியிருந்தது. வேனிற்காலத்தில் குளிர்ந்த குடிநீர் வேண்டுமா? 250 பேருக்கு மேல் இருக்க வேண்டியிருந்தது. தாகம் தலைகளை எண்ணிக்கொண்டா வருகிறது? எட்டுப் பேர் வேலை செய்யும் சூளையின் நெருப்புக்கும் இருநூறு பேர் வேலை செய்யும் சூளையின் நெருப்புக்கும் சுடுவதில் பேதமுண்டோ?

பாராளுமன்றம் 2020-இல் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இக்குறையை நீக்கும் என்று எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். 10 பேருள்ள ஸ்தாபனங்களுக்கெல்லாம் பொதுவான சில கடமைகளை அது வகுத்தது உண்மையே. ஆயினும் தொழிற்சாலை என்ற பெயருக்குரிய எண்ணிக்கையை அது 10-இலிருந்து 20-ஆகவும், 20-இலிருந்து 40-ஆகவும் உயர்த்திற்று. வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறுகையில் சட்டத்தின் வாசற்படியும் ஏறுமானால், சிறு கூடத்துத் தொழிலாளி எப்படி உள்ளே நுழைவான்?

தமிழ்நாடு சர்க்கார் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் மாண்டோர் குடும்பத்திற்கு 4 லட்ச ரூபாய் நிவாரணம் வழங்க வகை செய்தது. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் வெப்பம் தன் பெயரை எழுதிவைத்துவிட்டுக் கொல்வதில்லை. மாரடைப்பு என்றும் சிறுநீரகக் கோளாறு என்றும் வேறு பெயர்களில் மறைந்து கொல்கிறது. டாக்டர்கள் காரணத்தைத் துருவிப் பார்த்துப் பதிவு செய்தாலன்றி நிவாரணம் காகிதத்திலேயே நிற்கும். மேலும், இறந்தபின் கொடுக்கும் நான்கு லட்சத்தைக் காட்டிலும் இறவாதிருக்கக் கொடுக்கும் ஒரு குடம் நீர் மேலானது.

இது ஆகாத காரியம் என்பார்க்கு ஆமதாபாத்தைச் சுட்டிக்காட்டுவோம். சபர்மதிக் கரையிலுள்ள அந்நகரம் 2010 மே மாதத்தில் கொடிய வெப்பத்தால் பலரைப் பறிகொடுத்தது. விதியென்று நொந்து அது வாளாவிருக்கவில்லை. 2013-இல் வெப்பத்தை எதிர்கொள்ள ஒரு திட்டம் வகுத்தது. முன்னெச்சரிக்கை, குடிநீர் நிலையங்கள், ஆஸ்பத்திரி சிப்பந்திகளுக்குப் பயிற்சி ஆகியவை அத்திட்டத்தின் அங்கங்கள். ஒரு நகரசபை முயன்று செய்ததை விருத்தாசலம் நகரசபை செய்யலாகாதா?

சிறு முதலாளிகளின் கஷ்டத்தை நாம் அறியாமலில்லை. குஜராத்தின் மோர்பியோடும் வடக்கேயுள்ள குர்ஜாவோடும் அவர்கள் போட்டியிட வேண்டியிருக்கிறது; எரிபொருள் விலையோ ஏறிக்கொண்டிருக்கிறது. மூட்டிய சூளையை நண்பகலில் அணைக்க முடியாது என்று அவர்கள் கூறுவதும் நியாயமே. அணைக்கும்படி நாம் கேட்கவில்லை. நெருப்பைப் பார்த்துக்கொள்ளச் சிலர் முறைவைத்து நின்றால் போதும். அடுக்குவதையும் பிரிப்பதையும் விடியலுக்கு மாற்றலாம். சூளைச் சுவருக்கு நல்ல வெப்பத் தடுப்பு இட்டால் தொழிலாளிக்குச் சூடு தணியும். முதலாளிக்கும் எரிபொருள் மிச்சப்படும். இருவருக்கும் லாபமான இக்காரியத்திற்குச் சர்க்கார் கடனும் கல்லூரியின் யோசனையும் கிடைக்கச் செய்வது கடினமன்று.

ஆகவே நாம் கோருவன இவை. கத்திரி நாட்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை சூளை அடுக்குதலும் பிரித்தலும் நிறுத்தப்பட வேண்டும். துண்டுக் கூலிக்காரருக்கு ஓய்வென்பது பட்டினியாகும். ஆகையால் அந்நேரத்திற்கு ஈடு கொடுத்தல் வேண்டும். எண்ணிக்கை பாராது ஒவ்வொரு கூடத்திலும் நிழலும் குளிர்ந்த நீரும் இருத்தல் வேண்டும். புதிதாய்ச் சேர்ந்தவன் உடம்பு வெப்பத்திற்குப் பழக ஒரு வாரம், இரு வாரம் செல்லும். முதல் நாளே அவனை முழு வேலையில் நிறுத்தலாகாது.

சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். இன்று அவ்வாற்றங்கரையில் தொழிலாளி சிந்தும் வியர்வையும் வேறெங்கோ பொன்னாகிறது, எடுப்பவர்தாம் வேறு. 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடியை ஏற்றினார். அத்தினம் கழிந்த மூன்றாம் நாளே பிரதி வருஷமும் கத்திரி பிறக்கிறது. மே தினத்தன்று மேடையில் முழங்கும் தேசத் தொண்டர்கள் அம்மூன்று நாட்களுக்குள் விருத்தாசலத்துச் சூளைகளுக்கு ஒருமுறை சென்று, அங்கே தண்ணீர்ப் பானை இருக்கிறதா என்று பார்த்து வருவார்களா?