பேரனின் துப்பாக்கியும் சைக்கிள் பம்பும்

போன கோடையில் பாரிஸ் புறநகரில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். மாப்பிள்ளை நம் புதுச்சேரி சொல்தா குடும்பம்தான். ஒருநாள் காலை இருபது வயதுப் பேரன் சாப்பாட்டு மேசையில் நீளமான துப்பாக்கி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தான். எனக்குத் திக்கென்றது.

"நிஜத் துப்பாக்கி இல்ல தாத்தா, ஏர்சாஃப்ட்" என்றான். ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டைக் காற்றால் தள்ளுகிற விளையாட்டுத் துப்பாக்கி. இவனுடையது தூரத்திலிருந்து குறிபார்க்கும் ஸ்னைப்பர் மாடல்.

பழுது என்ன தெரியுமா? வேகம் போதாது என்று கடினமான ஸ்பிரிங் வாங்கிப் போட்டிருக்கிறான். பிஸ்டன் மட்டும் பழைய பிளாஸ்டிக். போல்ட்டை இழுத்தால் பிஸ்டன் பின்னால் போய், ஸ்பிரிங்கை அழுத்தி, ஒரு கொக்கியில் மாட்டி நிற்கும். விசையை அழுத்தினால் கொக்கி விடும். பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றைத் தள்ளும். புது ஸ்பிரிங்கின் பலத்தில் அந்தப் பிளாஸ்டிக் விளிம்பு தேய்ந்து, விசையைத் தொடாமலே சுட்டுவிட்டதாம். நல்லவேளை, குழல் தரையைப் பார்த்திருந்தது. எதிரில் யாருடைய கண்ணாவது இருந்திருந்தால்?

இந்தப் பையன்கள் எல்லோரும் ஸ்பிரிங்கைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். அது தப்பு என்பது என் கட்சி. பிஸ்டனையும் கொக்கியையும் முதலில் பார்க்க வேண்டும். பழைய செட்டில் கொக்கி 45 டிகிரி சாய்வில் பிடிக்கிறது. பலமான ஸ்பிரிங் அதை வழுக்கித் தள்ளப் பார்க்கும். மாற்று செட்டில் 90 டிகிரி, நேராகப் பிடிக்கும். ஆனால் ஒன்றின் பிஸ்டன் மற்றதன் ட்ரிகருக்குப் பொருந்தாது. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

(பிரெஞ்சில் 'பிஸ்தோன்' என்றால் சிபாரிசு என்றும் பொருள். எனக்கு சர்க்கார் வேலை பிஸ்தோன் இல்லாமல்தான் கிடைத்தது என்றேன். மகள் நம்பவில்லை.)

அதைவிட முக்கியம் பிஸ்டன் தலையில் இருக்கும் ரப்பர் வளையம். நம் காலத்து சைக்கிள் பம்பை நினைத்துப் பாருங்கள். தோல் வாஷர் காய்ந்துவிட்டால் பீமனே வந்து அடித்தாலும் டியூபில் காற்று ஏறாது. வாஷரைக் கழற்றி, விரித்து, தேங்காய் எண்ணெய் தடவிப் போட்டால் சின்னப் பையன் அடித்தாலும் ஏறும். இங்கேயும் அதே கதை. சிலிண்டரின் முன் துவாரத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு பிஸ்டனைத் தள்ளினால், காற்று மெத்தைபோல் தடுத்து நிறுத்த வேண்டும். இவனுடையது சொய்யென்று உள்ளே போயிற்று. காற்று கசிந்தால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகத்தில் போகும். அப்புறம் குறி எங்கே?

வேகத்துக்கும் எல்லை உண்டு. 0.20 கிராம் குண்டு நொடிக்கு 100 மீட்டரில் போனால் 1 ஜூல். பிரான்சில் 2 ஜூலைத் தாண்டினால் அது விளையாட்டுச் சாமான் இல்லை, சட்டப்படி ஆயுதம். கோப்பு எழுதியே காலம் கழித்தவன் சொல்கிறேன், அந்தக் கோட்டுக்கு நன்றாக இந்தப் பக்கம் நிற்பதுதான் நிம்மதி.

பேரன் முதலில் முறைத்தான். பிறகு உலோகப் பிஸ்டனும் ட்ரிகரும் சேர்ந்த செட்டாக வரவழைத்தான். கடின ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு நடுத்தரமானதைப் போட்டான். வளையத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவட்டுமா என்று கேட்டேன். சிரித்தான், ரப்பருக்கு சிலிகான் கிரீஸ்தானாம். மாட்டுவதற்கு முன் சிலிண்டரை என்னிடம் நீட்டி, "நீங்களே பாருங்க தாத்தா" என்றான். கட்டைவிரலை வைத்து மூடித் தள்ளிப் பார்த்தேன். பாதியிலேயே நின்றது.