தங்கத்தில் என்ன இருக்கிறது? வடிவத்தில்தான் எல்லாம்!

கோட்டக்குப்பம் கடற்கரையில் ஒரு பிடி மணல். இ.சி.ஆரில் வடக்கே போய் மரக்காணம் உப்பளத்தில் ஒரு பிடி உப்பு. இரண்டும் வெயிலில் மின்னும். ஆனால் வலுவான லேசரைப் பாய்ச்சினால் குணம் தெரிந்துவிடும். மணலில் உள்ள குவார்ட்ஸ், வரும் ஒளியில் துளியூண்டு பங்கைப் பாதி அலைநீளத்துக்கு, அதாவது வேறு நிறத்துக்கு மாற்றும். உப்பு? ம்ஹூம்.

குவார்ட்ஸின் இந்தக் குணத்தை 1961இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃப்ராங்கன் குழு கண்டுபிடித்தது. 694.3 நானோமீட்டர் சிவப்பு லேசர் உள்ளே போய், 347.2 நானோமீட்டர் புற ஊதா வெளியே வந்தது. ஆதாரம், புகைப்படத் தகட்டில் ஒரு சின்னப் புள்ளி. அச்சேறும்போது அதைத் தூசி என்று நினைத்து அழித்துவிட்டார்களாம்! கட்டுரையில் அம்புக்குறி மட்டும் எதையோ காட்டிக்கொண்டு நிற்கிறது.

உப்புக்கு ஏன் முடியவில்லை? அதன் அணு அடுக்கில் ஒரு திசையில் என்ன இருக்கிறதோ, நேர் எதிர்த் திசையிலும் அதுவே இருக்கும். ஒளி பட்டதும் எலக்ட்ரான்கள் இரு பக்கமும் சமமாக ஆடும். இரட்டை அதிர்வெண் பிறக்க, ஆட்டம் ஒரு பக்கம் சாய வேண்டும்.

தங்கமும் வெள்ளியும் இதில் உப்பின் கட்சிதான். மேற்பரப்பில் மட்டும் கொஞ்சம் நடக்கும். அப்படியென்றால் சாய்வை எங்கிருந்து கொண்டுவருவது? வடிவத்திலிருந்து. 2006இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வாளர்கள் நம் 'ப' எழுத்தைப் போன்ற நானோ தங்க அமைப்புகளில் இதைச் செய்து காட்டினார்கள். 'ப'வுக்கு இடமும் வலமும் ஒன்று. மேலும் கீழும் வேறு. அந்த வேறுபாடு போதும். வட்டத் தகட்டின் மீது நேராக லேசர் அடித்தால் கிட்டத்தட்ட ஒன்றும் வராது.

கூர்முனை இன்னொரு வழி. இடிதாங்கி போல அங்கே மின்புலம் குவியும். புலம் 10 மடங்கானால், அந்த இடத்தில் பிறக்கும் புது ஒளி 10,000 மடங்காகும்.

இதனால் நாளைக்கே பச்சை லேசர் டார்ச்சில் இருக்கும் படிகத்தைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. உலோகம் தரும் ஒளி இன்னும் சொற்பம். தவிர, லேசர் சூட்டில் நானோ தங்கக் குச்சி உருகி உருண்டையாகிவிடும். வடிவம் போனால் வேலையும் போச்சு. நுண்ணோக்கி, உணரி போன்ற சின்ன இடங்களில்தான் இப்போதைக்கு இதன் பலன்.

ஆகவே 'நானோ தங்கம்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால், "என்ன வடிவம்?" என்று கேட்பதுதான் சரி. உருண்டையையும் குச்சியையும் கல்லூரி ஆய்வகக் குடுவையிலேயே வளர்க்கலாம். ஆனால் தலைமுடியின் குறுக்கே இருநூறுக்கு மேல் அடங்கும் அளவில் 'ப' எழுத எலக்ட்ரான் கற்றை இயந்திரம் வேண்டும். விலை கோடிகளில். பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி., மும்பை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் உள்ள இத்தகைய வசதிகளை வெளி ஆய்வாளர்களும் பயன்படுத்த, மத்திய அரசின் ஐ.என்.யூ.பி. திட்டம் வழிசெய்கிறது. ஊருக்கு ஒரு நானோ மையம் திறந்து ரிப்பன் வெட்டுவதைவிட, அந்தக் கதவை இன்னும் அகலமாகத் திறக்கலாம். கோட்டக்குப்பத்துக்குப் பக்கத்தில் காலாப்பட்டில் படிக்கும் இயற்பியல் மாணவிக்குத் தேவை புதுக் கட்டடம் அல்ல. அந்த இயந்திரத்தில் சில நாள் நேரமும் பெங்களூருக்கு ஒரு டிக்கெட்டும்தான்.