பழைய மோஸ்தரில் ஒரு தலைக்கவசம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

நம் கல்லூரியின் வண்டி நிறுத்துமிடத்தில் இந்த ஆண்டு ஒரு புதுக் காட்சி. உருண்டைத் தலை, ஒரே வண்ணம், நடுவில் இரண்டு பட்டைக் கோடுகள், கண்ணுக்கு அகலமான திறப்பு, முன்னே தள்ளிய தாடை: ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய பந்தய வீரர்களின் படங்களில் காணும் முழுமுகத் தலைக்கவசங்கள் மோட்டார் சைக்கிள்களின் மேல் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. கடைக்காரர் மொழியில் இதற்கு 'ரெட்ரோ' என்று பெயர். நம்மில் சிலர் இதைக் கேலி செய்கிறார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு ஏன் இந்தப் பகட்டு என்று ஆசிரியப் பெருமக்களில் சிலரும் முகம் சுளிக்கிறார்கள். நான் இந்த மோஸ்தரின் பக்கம் நின்றே பேச விரும்புகிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

இதுவரை நாம் அணிந்து வந்தது என்ன? பாதித் தலையை மூடும் சட்டித் தொப்பி. அதுவும் பெரும்பாலும் முழங்கையிலோ கண்ணாடிக் கம்பியிலோதான் தொங்கும். விழுப்புரத்தில் புறப்பட்டுத் திண்டிவனம் செல்லும் நண்பர், விக்கிரவாண்டி நெருங்கும்போது அதைத் தலையில் கவிழ்ப்பார். காவலரைக் கடந்ததும் கழற்றிவிடுவார். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. தமிழக அரசு 2007 ஜூன் 1 முதல் அதைக் கண்டிப்பாக்கியது. சில நாட்களில் எல்லாம் மறந்துபோயிற்று. பிறகு சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையால் 2015 ஜூலை 1 முதல் மீண்டும் கட்டாயம் என்றார்கள். கடைகளில் கூட்டம் அலைமோதியது. 2022 அக்டோபரில் அபராதம் ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. இத்தனைக்குப் பிறகும் நாம் கவசம் அணிவது காவலருக்காகத்தான். இந்நிலையில் ஓர் இளைஞன், 'இது எனக்கு அழகாக இருக்கிறது' என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கவசத்தை நாற்பது கிலோமீட்டரும் கழற்றாமல் அணிந்து வருவானாயின், சட்டமும் அபராதமும் செய்யாத வேலையை அந்த மோஸ்தர் செய்துவிட்டது என்றுதானே கொள்ள வேண்டும்?

இந்த வடிவத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 'அரேபிய லாரன்ஸ்' என்று புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் 1935 மே மாதம் இங்கிலாந்தின் சிற்றூர்ச் சாலையொன்றில், சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள் மேல் மோதாமல் ஒதுங்கப்போய், மோட்டார் சைக்கிளிலிருந்து வீசி எறியப்பட்டார். ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ன்ஸ் அதோடு விட்டுவிடவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக் காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, கவசம் உயிர் காக்கும் என்று 1941-இல் எழுதினார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் தூதர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. தாடையையும் சேர்த்து மூடும் முழுமுகக் கவசம் அமெரிக்காவின் பெல் நிறுவனத்திலிருந்து 1960-களின் பிற்பகுதியில் வந்தது. 1968-இல் டான் கர்னி அதை அணிந்து பார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில் ஓட்டினார். இன்று 'ரெட்ரோ' என்று விற்பவை அந்தக் காலத்து உருவத்தின் நகல்களே. பெல் நிறுவனமே அந்தப் பழைய உருவத்தை 'புல்லிட்' என்ற பெயரில் மறுபடியும் விற்கிறது.

உருவம் பழையதாக இருக்கலாம். உள்ளே இருப்பது எப்படிப்பட்டது என்பதே கேள்வி. தலையைக் காப்பது வெளியே மின்னும் ஓடு என்று பலர் நினைக்கிறோம். ஓடு மோதலைப் பரப்பிவிடுகிறது, அவ்வளவே. உண்மையான வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் தெர்மாக்கோல். முதலாண்டில் நாம் படித்த சமன்பாட்டையே எடுத்துக்கொள்வோம். வண்டியில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தாரில் விழுந்தால் தலை தரையைத் தொடும் வேகம் வினாடிக்கு சுமார் 5.4 மீட்டர். இது வண்டியின் வேகம் அன்று. வெறுமனே கீழே விழுவதன் வேகம். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இது உண்டு. தலை 3 மில்லிமீட்டருக்குள் நின்றால் அது தாங்க வேண்டியது புவியீர்ப்பைப் போல் 500 மடங்கு. தெர்மாக்கோல் நசுங்கி 30 மில்லிமீட்டர் இடம் கொடுத்தால் அது 50 மடங்காகக் குறைகிறது. அந்த மூன்று சென்டிமீட்டரைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். ஒருமுறை நசுங்கிய தெர்மாக்கோல் மீண்டும் எழாது. ஆதலால், விபத்தில் அடிபட்ட கவசம் வெளியே பளபளப்பாக இருந்தாலும் பயனற்றது.

இங்கேதான் பழைய மோஸ்தர் பிரியர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஓடு சிறியதாக, தலையோடு ஒட்டியிருந்தால் பார்க்க அழகு. ஆனால் சில மலிவான கவசங்களில் அந்த அழகு தெர்மாக்கோலைக் குறைத்துப் பெற்ற அழகாக இருக்கிறது. கடையில் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். குறிப்பாகத் தாடைப் பகுதியை அழுத்துங்கள். வெறும் துணியும் பஞ்சும் மட்டுமே இருந்தால் அது முழுமுகக் கவசமன்று, முகமூடி. ஜெர்மனியின் ஹனோவரில் விபத்துக் கவசங்களை ஆராய்ந்தபோது, அடிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாடைப் பக்கத்தில் விழுந்ததாகக் கண்டார்கள். சட்டித் தொப்பி காக்காத இடம் அதுதான்.

கண்ணாடி அடுத்தது. பழைய பாணியில், குமிழி போன்ற கண்ணாடியை நெற்றியில் மூன்று பிரஸ் பட்டன்களால் மாட்டுவார்கள். படம் பிடிக்க நன்றாக இருக்கும். கூட்டேரிப்பட்டு தாண்டி அந்தி நேரத்தில் பூச்சிகள் மோதும்போது அதை ஒரு கையால் சட்டென்று தூக்க முடியாது. கீல் வைத்த கண்ணாடியே நமக்கு ஏற்றது. கறுப்புக் கண்ணாடியோ இரவில் குருட்டுத்தனம். முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டருக்குப் பின்விளக்கு எரியும் என்று நம்பி யாரும் வண்டி ஓட்ட முடியாது.

காற்றோட்டம் பழைய மோஸ்தரின் பலவீனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்றைய கவசங்களுக்குத் துளைகள் குறைவு, நகல்களும் அப்படியே. சித்திரை வெயிலில் திண்டிவனம் மேம்பாலத்தின் அருகே நின்றால் தலை வெந்துவிடும். தாடையிலும் நெற்றியிலும் காற்றுத் துளையும், கழற்றித் துவைக்கக்கூடிய உள்துணியும் உள்ளதைத் தேடி வாங்குவதே வழி. 'காது கேட்காது, பக்கம் தெரியாது' என்ற பழைய புகாருக்கு மட்டும் என்னிடம் இரக்கமில்லை. அமெரிக்கப் பேராசிரியர் ஹாரி ஹர்ட்டின் குழு 900 விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் வெளியிட்ட அறிக்கை அதற்கு ஆதாரமில்லை என்று அப்போதே சொல்லிவிட்டது.

அளவெடுக்கத் தையற்காரரின் நாடா போதும். புருவத்துக்குச் சற்று மேலே சுற்றி அளக்க வேண்டும். புதுக் கவசம் கன்னத்தைச் சற்று இறுக்கத்தான் வேண்டும். வாரைப் பூட்டிவிட்டு, பின்னாலிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் கடையிலேயே விட்டுவிடுங்கள். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத கவசத்தை விற்பதே குற்றம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4151 என்ற எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற கைப்பேசிச் செயலியில் இட்டால் உரிமம் உண்மையா போலியா என்பது தெரிந்துவிடும். நெடுஞ்சாலை ஓரம் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு விற்பவற்றை இப்படிச் சோதித்துப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கும்கூட.

நண்பர்கள் சிலர் சாதாரணக் கவசத்தை வாங்கி, ஸ்பிரே பெயின்ட் அடித்துக் கோடு போட்டு, தாங்களே 'ரெட்ரோ' ஆக்கிக்கொள்கிறார்கள். சிக்கனம் பாராட்டத்தக்கது. ஆனால் பெயின்டிலும் தின்னரிலும் உள்ள கரைப்பான்கள் பிளாஸ்டிக் ஓட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் பலவீனப்படுத்தும். தெர்மாக்கோலைக் கரைத்தே விடும். நம்பாதவர்கள் வேதியியல் ஆய்வகத்தில் ஒரு தெர்மாக்கோல் துண்டின்மேல் இரண்டு சொட்டு அசிட்டோன் விட்டுப் பார்க்கலாம்.

இனிப் பணம். முத்திரை பெற்ற சாதாரண முழுமுகக் கவசம் ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்தில் கிடைக்கிறது. பழைய மோஸ்தரில் நல்லது வாங்க அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு ஆகும். பகுதிநேர வேலை செய்து படிப்பவருக்கு அது சின்னத் தொகையன்று. கையில் மூவாயிரம் இருந்தால் என்ன வாங்குவது என்று என்னைக் கேட்டால், சாதாரணக் கவசம் இரண்டு வாங்குங்கள் என்பேன். மோஸ்தரின் பக்கம் நிற்கிறேன் என்றவனே இப்படிச் சொல்லலாமா? சொல்லத்தான் வேண்டும். வண்டியின் பின்னால் அமர்ந்து வருவது பெரும்பாலும் நம் தங்கை, அல்லது நூறு நாள் வேலை முடிந்து வரும் அம்மா. முன்னால் இருக்கும் மகன் தலையில் பந்தய வீரனின் கவசம். அம்மாவின் தலையில் முந்தானை. இந்தக் காட்சியை ஜானகிபுரம் கூட்டுரோட்டில் அரைமணி நேரம் நின்றால் பத்து முறை பார்க்கலாம். சட்டம் பின்னால் இருப்பவருக்கும் சேர்த்துத்தான். அவருடைய தலையும் அதே 1.5 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது கவசத்தைக் கல்லூரியில் எங்கே வைப்பது என்பது உண்மையான சங்கடம். வண்டியில் மாட்டினால் மாலையில் இருக்காது; வகுப்புக்குக் கொண்டுவந்தால் பெஞ்சில் ஓர் ஆளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இயற்பியல் ஆய்வகத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் கதவில்லாத பழைய மர அலமாரிகள் இரண்டு சும்மா கிடக்கின்றன. முதல்வர் அவர்கள் மனம் வைத்தால், அவற்றை வண்டி நிறுத்துமிடத்தின் காவலர் அறையருகே நகர்த்தி, எண் எழுதி, டோக்கன் கொடுக்கலாம். தூக்கி வைக்க எங்கள் வகுப்பிலிருந்து எட்டுப் பேர் தயாராக இருக்கிறோம்.