பூனைக்கும் அப்பாவோட ஹார்ட் மாத்திரையா?

நேத்து வரைக்கும் மதில் தாண்டிய கடுவன் பூனை, இன்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு கதறுகிறது. பாதம் சில்லிட்டிருக்கிறது. கருங்கல் பக்கம் இதைப் பார்த்ததும் 'பாம்பு கடிச்சிருக்கும்' என்போம். இதயத்தசை தடித்து, உள்ளே உறைந்த ரத்தக்கட்டி காலுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்திருக்கலாம். உடனே டாக்டரிடம் ஓட வேண்டிய நேரம் அது. இந்த இதய நோய் கடுவன்களுக்குத்தான் அதிகம்.

ரத்தம் உறையாமல் தடுக்கத் தருவது, நம்ம அப்பாக்கள் சாப்பிடும் அதே க்ளோபிடோக்ரல்தான், 75 மி.கி. மாத்திரையில் கால் பங்கு. ஆனால், மரபணுவைப் பொறுத்துப் பூனைக்குப் பூனை பலன் மாறுவதை 2021-ல் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. (மனிதர்களிலும் இதே கதைதான்.)

அதனால், அப்பாவோட டப்பாவிலிருந்து நாமே ஒடித்துக் கொடுக்க வேண்டாம். ஆஸ்பிரினும் வேண்டாம், பூனை உடம்பு அதை ரொம்ப மெதுவாகத்தான் வெளியேற்றும். டாக்டர் மருந்து எழுதினால், 'இது என் பூனைக்கு வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள்.