வண்டிக் கணக்கு: கருவி வாங்கும் முன் ஒரு வார்த்தை

நம் கடைகளில் கல்லாப் பெட்டிக்குக் கணக்கு உண்டு. குடோனில் அடுக்கிய மூட்டைக்குக் கணக்கு உண்டு. வெளியே நிற்கும் பாக்கிக்கும் கணக்கு உண்டு. வாசலில் நிற்கும் வண்டிக்கு மட்டும் பெரும்பாலான கடைகளில் கணக்கு கிடையாது. பங்க் ரசீதுகளை ஒரு கம்பியில் குத்தி வைப்பதோடு சரி. மாதக் கடைசியில் அவற்றைக் கூட்டி, 'டீசல் செலவு' என்று ஒரே வரியில் பேரேட்டில் ஏற்றிவிடுகிறோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். டீசலை மட்டும் அளக்காமல் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு கருவி விற்பவர்கள் இப்போது கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். வண்டியில் ஒரு சிறு பெட்டியைப் பொருத்தினால் போதுமாம். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எங்கே நின்றது என்பதைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே செல்போனில் பார்க்கலாமாம். வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று உறுப்பினர்கள் பலர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

என் தாழ்மையான கருத்து இதுதான். கருவி நல்லதுதான். ஆனால் டிரைவரைப் பிடிப்பதற்காக அதை வாங்காதீர்கள். நம் கணக்குக்கு எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அந்தப் பதிலைத் தரும் கருவியை வாங்குங்கள். இந்த வேறுபாடு தெரியாமல் நான் ஒரு நல்ல மனிதரை இழக்க இருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டில் எங்கள் கடையின் குட்டி யானைக்கு ஒரு கருவி பொருத்தினேன். அந்த வண்டியை ஓட்டுபவர் எங்களிடம் 12 ஆண்டுகளாக இருப்பவர். முதல் மாத அறிக்கை வந்தது. டிரைவர் நோட்டில் எழுதியிருந்தது 1,870 கிலோமீட்டர். கருவி காட்டியது 1,690. வித்தியாசம் 180 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 என்று வைத்தால் பதினொரு லிட்டருக்கு மேல்; ஆயிரம் ரூபாய். இத்தனை ஆண்டுகளில் எவ்வளவு போயிருக்கும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. லோடுமேன்கள் நிற்கும்போதே அவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, நான் எழுதுனது வண்டி மீட்டர்ல உள்ளதுதான். ஒரு நாள் நீங்களே கூட வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு, சாவியை மேஜை மேல் வைத்தார்.

மறுநாள் கூடப் போனேன். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லைப் பார்த்துக்கொண்டே 10 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். கல்லும் மீட்டரும் கருவியும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. பிறகு கடைவீதிக்குள் நுழைந்து, வழக்கமாகச் சரக்கு இறக்கும் கடைகளுக்கெல்லாம் போனோம். மீட்டர் 9 கிலோமீட்டர் ஏறியிருந்தது. கருவி காட்டியது 7.

விற்ற நிறுவனத்தைப் பலமுறை கூப்பிட்ட பிறகே காரணம் தெரிந்தது. நான் வாங்கியிருந்த திட்டத்தில் கருவி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறைதான் வண்டி இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு போட்டு அதைத்தான் தூரம் என்று கூட்டும். நெடுஞ்சாலையில் அது பாதகமில்லை. கடைவீதியில் இரண்டு நிமிடத்தில் வண்டி மூன்று தெரு திரும்பிவிடும். அந்தத் திருப்பமெல்லாம் கணக்கில் வராது. விற்கும்போது இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எந்த லோடுமேன்கள் முன்னால் கேட்டேனோ, அதே லோடுமேன்கள் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு லோடு ஏற்றப் போனார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆகவே, கருவியின் எண் தராசுப் படிக்கல் அல்ல என்பதை முதலில் மனதில் கொள்ள வேண்டும். புள்ளிகளின் இடைவெளி அதிகமானால் தூரம் குறையும். வண்டி நிற்கும்போது செயற்கைக்கோள் கணக்கில் இடம் சில மீட்டர் இங்கும் அங்கும் ஆடும். அதையும் ஓட்டமாகக் கூட்டினால் தூரம் கூடும். உயர்ந்த கட்டிடங்கள் நெருங்கிய தெருவில் இந்த ஆட்டம் இன்னும் அதிகம். மதுரை கீழமாசி வீதியிலும், கோவை ரங்கே கவுண்டர் வீதியிலும், சென்னை கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலும் வண்டி நிறுத்தும் நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வண்டியின் சொந்த மீட்டரும் சத்தியவாக்கு அல்ல. டயர் தேய்ந்தால் சக்கரம் சிறிதாகி, அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும். மீட்டர் சற்றுக் கூடுதலாகக் காட்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை பிடிபடும்.

அடுத்து, 'மைலேஜ்' என்ற சொல்லில் ஒரு குழப்பம் இருக்கிறது. நாம் மைலேஜ் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பொருள்கொள்கிறோம். விற்பவர் 'மைலேஜ் ரிப்போர்ட்' என்று சொல்வது பெரும்பாலும் ஓடிய தூரத்தை மட்டுமே. டேங்கில் எவ்வளவு ஊற்றினீர்கள் என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. நமக்கு வேண்டிய மைலேஜ் வேண்டுமென்றால், பங்கில் டேங்கை முழுக்க நிரப்பி ரீடிங்கைக் குறிக்க வேண்டும். அடுத்த முறை முழுக்க நிரப்பும்போது மறுபடி குறிக்க வேண்டும். நடுவில் ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். 500 ரூபாய்க்கு, 1,000 ரூபாய்க்கு என்று போடும் வழக்கத்தை விட்டால்தான் இது நடக்கும்.

இதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு வண்டி நாளுக்கு 80 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 24,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கொடுத்தால் 1,500 லிட்டர். அது 15ஆகக் குறைந்தால் 1,600 லிட்டர். டீசலை 90 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு வண்டிக்கு ஆண்டுக்கு 9,000 ரூபாய் போகிறது. இது யாரோ திருடியதால் போவதல்ல. டயரில் காற்றுக் குறைவு, அடைத்துக்கொண்ட ஏர் பில்டர், தேய்ந்த கிளட்ச், அளவுக்கு மீறிய லோடு, சரக்கு இறக்கும்வரை எஞ்சினை ஓடவிடுவது என்று காரணங்கள் பல. மைலேஜ் இறங்கும் மாதத்திலேயே தெரிந்தால் மெக்கானிக்கிடம் விட்டுச் சரிசெய்யலாம். கருவியின் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது லாபம் வரிக் கணக்கில். நம்மில் பலர் கடைப் பெயரில் கார் வைத்திருக்கிறோம். காலையில் வசூலுக்குப் போகும் கார் மாலையில் கல்யாணத்துக்கும் போகிறது. அதில் தவறில்லை. ஆனால் சொந்தக் காரியத்துக்கு ஓடிய பங்கைத் தொழில் செலவில் கழிக்க முடியாது என்பதை 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமே சொல்லியிருந்தது. நிறுவனத்தின் காரை ஊழியர் முழுக்க அலுவலுக்கே பயன்படுத்துகிறார் என்று காட்ட வேண்டுமானால், பயணத் தேதி, சென்ற இடம், ஓடிய தூரம், ஆன செலவு ஆகியவற்றை நிறுவனம் எழுதி வைக்க வேண்டும் என்று 1962ஆம் ஆண்டு விதிகளில் இருந்தது. 2025இல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டிருப்பதால், இப்போதைய பிரிவு எண்களையும் விதிகளையும் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும், எந்த ஓட்டம் எதற்காக என்று எழுதி வைத்தவருக்கே பேச வாய் இருக்கும்.

இந்த இடத்தில்தான் கருவியின் எல்லையும் தெரிகிறது. கருவிக்குத் தெரு தெரியும், காரியம் தெரியாது. வண்டி 14 கிலோமீட்டர் போய் வந்தது என்று அது சொல்லும். சரக்கு கொடுக்கவா, லாரி ஷெட்டில் பார்சல் எடுக்கவா, வசூலுக்கா, வீட்டுக்கு அரிசி இறக்கவா என்று சொல்லாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எதிரே காரணம் எழுத வசதியுள்ள முறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவும் தமிழில், நம் டிரைவர் ஒரு விரலால் தொட்டுக் குறிக்கும்படி இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் பத்துக் கட்டங்களை நிரப்பச் சொன்னால் இரண்டாம் வாரமே நின்றுவிடும்.

கணக்கைப் பொய்யாக எழுதிச் சமாளிக்கலாம் என்று யாரும் நினைக்கவும் வேண்டாம். ஈவே பில்லில் வண்டி எண்ணும் தேதியும் இருக்கின்றன. 2021 பிப்ரவரி முதல் சுங்கச்சாவடிகளில் பாஸ்டேக் கட்டாயமானதால், எந்த நேரத்தில் எந்தச் சாவடியைத் தாண்டினோம் என்பதும் பதிவாகிறது. நம் வண்டிக்கு ஊரெல்லாம் சாட்சி இருக்கும்போது, நம் நோட்டு மட்டும் வேறு கதை சொல்லக் கூடாது.

சந்தையில் உள்ளவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, டிரைவரின் செல்போனில் போடும் செயலி. செலவு குறைவு. ஆனால் சார்ஜ் குறைந்தால் போன் அதை நிறுத்திவிடும். வேலை முடிந்த பிறகும் அவர் வீட்டுக்குள்ளேயே போய் எட்டிப் பார்க்கும். இரண்டாவது, வண்டியின் வயரில் இணைக்கும் கருவி. சரக்கு வண்டிக்கு இதுவே பொருத்தம். சாவி போட்டால்தான் ஓட்டத்தை எண்ணும்படி இணைக்கச் சொல்ல வேண்டும். மூன்றாவது, வண்டியின் பழுது பார்க்கும் சொருகியில் மாட்டுவது. பழைய வண்டிகளில் அந்தச் சொருகியே இருக்காது. இருக்கும் வண்டிகளிலும் பல, மீட்டர் எண்ணை வெளியே தருவதில்லை. ஒரே ஒரு வண்டி வைத்திருக்கும் சிறு கடைக்காரருக்கு இவை எதுவும் வேண்டாம். 50 ரூபாய் நோட்டும், காலையிலும் மாலையிலும் மீட்டரை செல்போனில் படம் எடுத்து அனுப்பும் பழக்கமும் போதும்.

பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள். எத்தனை நொடிக்கு ஒருமுறை இடத்தைக் குறிக்கும்? சிக்னல் இல்லாத இடத்தில் சேமித்து வைத்துப் பிறகு அனுப்புமா? முதல் ஆண்டு முடிந்தபின் சிம்முக்கும் சேவைக்கும் சேர்த்து என்ன கட்டணம்? பழைய பதிவுகளை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள்? உங்களை விட்டு நாங்கள் விலகினால் முழுக் கணக்கையும் எக்செல் வடிவில் கொடுப்பீர்களா?

கடைசி இரண்டும் மிக முக்கியம். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அவற்றுக்குத் துணை நிற்கும் வண்டிக் கணக்கு விற்பவரின் கம்ப்யூட்டரில் மூன்று மாதம் இருந்து அழிந்துபோனால் யாருக்கு லாபம்? மாதந்தோறும் பிரிண்ட் எடுத்துப் பைலில் வைப்பது பழைய வழக்கம்தான். அதை விட வேண்டாம்.

இனி டிரைவர் விஷயம். கருவியை ரகசியமாகப் பொருத்துவது அழகல்ல. 2023இல் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புக்கென்று சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அவரை உட்காரவைத்து, எதற்காகப் பொருத்துகிறோம், என்னென்ன பதிவாகும், யார் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட வேண்டும். வித்தியாசம் வந்தால் முதலில் கருவியைச் சோதிப்போம், பிறகுதான் அவரைக் கேட்போம் என்றும் சொல்ல வேண்டும். கருவி டிரைவருக்கும் சாட்சிதான். தாமதமாக வந்தார் என்று வாடிக்கையாளர் குறை சொன்னால், வண்டி எத்தனை மணிக்கு அந்தக் கடை வாசலில் நின்றது என்று அதே பதிவு அவருக்காகப் பேசும். நல்ல டிரைவருக்கு இது பாதுகாப்பு என்று புரிந்தால் அவரே விரும்பிப் பார்த்துக்கொள்வார்.

ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பாருங்கள். அதில் எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு வண்டியில் கருவியைப் பொருத்தி, நெடுஞ்சாலைக் கல்லிலும் நம் கடைவீதியிலும் ஓட்டிச் சோதியுங்கள். சரியாக வந்தால் மற்ற வண்டிகளுக்கும் வாங்குங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். தனித்தனியாகப் போனால் விற்பவர் சொன்னதே விலை, அவர் போட்டதே நிபந்தனை. சங்கம் உறுப்பினர்களின் வண்டிகளைக் கணக்கெடுத்து மொத்தமாகப் பேசினால், ஒரு மாதச் சோதனை ஓட்டத்தையும், கணக்கைத் திருப்பித் தரும் நிபந்தனையையும் எழுத்தில் வாங்கலாம். செயற்குழு இதை அடுத்த கூட்டத்தின் பொருளில் சேர்க்க வேண்டும்.

எங்கள் குட்டி யானையில் இப்போதும் கருவி இருக்கிறது. 10 நொடிக்கு ஒருமுறை குறிக்கும்படி திட்டத்தை மாற்றிவிட்டேன். நோட்டுக்கும் கருவிக்கும் மாதம் 20, 30 கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம் வருவதில்லை. டிரைவரும் அவரேதான். மாதக் கடைசியில் இரண்டையும் அவரே ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்.