துப்பாக்கியைக் கீழே வைத்த ஊர்: கோனோமா காட்டைக் காப்பாற்றியது எது?

'காடு காக்கும் தன்னார்வலர்' என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரே கலர் டி-ஷர்ட், கையில் மரக்கன்று, கடைசியில் ஒரு குரூப் போட்டோ. தப்பே இல்லை, நானும் போயிருக்கிறேன். ஆனால் நாகாலாந்தின் கோனோமா கிராமத்தைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு, அந்தச் சொல்லை அவ்வளவு லேசாகப் பயன்படுத்த முடியவில்லை.

கொஹிமாவிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் இருக்கும் அங்காமி நாகர்களின் மலைக் கிராமம் அது. 1879-ல் பிரிட்டிஷ் படையையே எதிர்த்து நின்ற ஊர். அங்கே வேட்டை பொழுதுபோக்கு இல்லை. சாப்பாடு, கௌரவம், பண்டிகை எல்லாமே அதில் இருந்தது.

அந்தக் காட்டில்தான் டிராகோபன் என்ற அரிய பறவை வாழ்கிறது. சிவந்த தலை, மஞ்சள் முகம் கொண்ட காட்டுக்கோழி வகை, நாகாலாந்தின் மாநிலப் பறவையும்கூட. 1990-களின் தொடக்கத்தில் ஒரே வேட்டைப் பருவத்தில் சுமார் 300 டிராகோபன்கள் சுடப்பட்டதாகச் சொல்கிறார்கள். இத்தனைக்கும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். சட்டம் புத்தகத்தில் இருந்தது, பறவை சட்டியில் வெந்தது.

மாற்றம் ஊருக்குள்ளிருந்து வந்தது. பெரியவர்கள் சிலர் வேட்டையை நிறுத்தலாம் என்றதும் கடும் எதிர்ப்பு. 'நம்ம தாத்தா காலத்துப் பழக்கத்தை விடச் சொல்ல நீங்க யாரு?' என்ற சண்டை சும்மா ஒரு நாளில் ஓயவில்லை, வருடக்கணக்கில் பேசினார்கள். 1998-ல் சுமார் 20 சதுர கி.மீ. காட்டைச் சரணாலயமாக ஊரே அறிவித்தது. மீறினால் அபராதம். காவலுக்குப் போனது ஊர் இளைஞர்கள். நாம் காட்டுக்காக ஒரு காலைத் தூக்கத்தை விடுகிறோம், அவர்கள் ஒரு வாழ்க்கை முறையையே விட்டார்கள்.

இது எப்படிச் சாத்தியமானது? என் கணிப்பில் முக்கியக் காரணம், காடு அவர்களுடையது. நாகாலாந்தில் பெரும்பாலான காடுகள் கிராமங்கள், குலங்கள், தனிநபர்கள் கையில்தான். அரசியலமைப்பின் 371ஏ பிரிவு அந்த நில உரிமைக்குப் பாதுகாப்பு தருகிறது. தன் காடு என்பதால்தான், பக்கத்து வீட்டுக்காரனைத் தடுத்து நிறுத்தி அபராதம் கேட்கும் துணிச்சல் வந்தது.

'உரிமை கொடுத்தா வெட்டி வித்துடுவாங்க' என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பயத்தை ஒதுக்கிவிட முடியாது. அதே உரிமை இருந்தும் வேட்டையால் வெறிச்சோடிய காடுகள் நாகாலாந்திலேயே உண்டு. உரிமையோடு வருமானமும் வேண்டும். கோனோமாவில் ஹோம்ஸ்டே, வழிகாட்டி வேலை, நுழைவுக் கட்டணம் என்று சுற்றுலாவிலிருந்து கொஞ்சம் பணம் வருகிறது. பறவை உயிரோடு இருந்தால்தான் அந்தப் பணமும் வரும்.

சரி, நம்ம ஊர்? 2006-ன் வன உரிமைச் சட்டம், காட்டையும் வனஉயிர்களையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே கொடுக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் சமூக வன உரிமைப் பட்டா வழங்கும் வேலை ரொம்ப மெதுவாக நகர்கிறது. மலைக் கிராமத்துக்காரரைக் காட்டுக்குள் பார்த்தால் 'இங்கே என்ன வேலை?' என்று கேட்கிறோம். அதே ஆளிடம் காட்டுத்தீயை அணைக்க வரச்சொல்லி உதவியும் கேட்கிறோம். மரக்கன்று விழாவுக்குக் காட்டும் வேகத்தில் பாதியை அந்தப் பட்டா ஃபைல்களுக்குக் காட்டினாலே போதும்.